லீவு நாளில் தெரிந்த கோடு

என் ஓரகத்தி இறந்து ஏழு வருடமாகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முதலில் என் கொழுந்தனிடம் போனார்கள், பிறகு அவளுடைய அம்மாவிடம், அப்புறம் என் மாமியாரிடம். என்னிடம் வந்தவர்கள் இன்னும் நாலு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்கள். அதில் தப்பில்லை. ஓரகத்திக்காக ஓரகத்தி அழுதால் யார் நம்புவார்கள்? ஒரே வீட்டுக்கு வாழ வந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் கண் எப்போதும் அடுத்தவள் தட்டில்தான் இருக்கும் என்று ஊர் எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் ஊர் சொன்னது முக்கால்வாசி சரி.

அவளுக்கு ஆலையில் வைத்த பெயர் கழுகு. அவள் வருவதற்கு முன் ஒன்பது வருடம் எனக்கு அப்படிப் பட்டப்பெயர் எதுவும் இருந்ததில்லை, ஆனால் அந்த இடம் என்னுடையதாக இருந்தது.

துணி பார்ப்பது எங்கள் வேலை. கண்ணாடி மேசைக்கு அடியில் குழல்விளக்குகள் எரியும். மேலே துணி ஓர் உருளையிலிருந்து இன்னோர் உருளைக்கு ஓடும். நூல் அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்க்கறை, எது கண்ணில் பட்டாலும் காலால் மிதியை அழுத்தித் துணியை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புச் சீட்டை ஒட்டவேண்டும். கீழிருந்து வரும் வெளிச்சத்தை எட்டு மணி நேரம் பார்த்தால் யாருக்கும் கண்ணில் ஏதாவது மினுங்கும். பூச்சி பறக்கிறது என்று கையைத் தூக்கினால் சூப்பர்வைசர் இரண்டு நிமிடம் கண்ணை மூடி உட்கார விடுவார். பறக்காவிட்டாலும் தூக்குவோம். ஒருத்திக்குத் தினமும் தேநீர் வருவதற்குச் சரியாக இரண்டு நிமிடம் முன்னால் பறக்கும். "உன் பூச்சிக்கு மணி பாக்கத் தெரியும்போல" என்பார் சூப்பர்வைசர்.

அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். பக்கத்து மேசை. ஒரு வருடம் ஆவதற்குள் நான் பார்த்து அனுப்பிய துணியில் அவள் முடிச்சு கண்டுபிடித்தாள். யாருக்கும் கேட்காமல் என் காதருகில் வந்து, "அக்கா, இது ஒண்ணு உங்களுக்குத் தப்பிடுச்சு, நான் ஒட்டிட்டேன்" என்றாள். ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. குத்தாமல் குத்துகிறாள் என்று அன்றிரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதுவாவது வேலை. இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று தன் கணவனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். இரண்டு வருடத்தில் சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு வர ஆறு மாதப் பயிற்சி உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை அதற்கு அனுப்பமாட்டார்கள். "அவரும் சரின்னுட்டார் அக்கா" என்றாள், கரண்டியைக் கழுவியபடி, காய் வாங்கி வரச் சொன்னதற்குச் சரியென்றதைப்போல. எனக்கு இருபத்திரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். வேண்டாம் என்று அல்ல, கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வந்ததில்லை. கையில் சோப்பு நுரையோடு நின்றேன். என் பிள்ளைகள் மேல் எனக்கு உயிர். ஆனாலும் அந்தச் 'சரி'யின் மேல் வந்த பொறாமை இருக்கிறதே, அவள் கழுத்தில் நகை தொங்கியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது.

மாமியாருக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை வாங்க, கிளினிக்குக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

அதற்கு மூன்று வாரம் முன்பு நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. மத்தியானம் என் மகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணைக் கசக்கினாள்.

"அக்கா, இந்த வரியில பாதி எழுத்தைக் காணோம்."

ஒரு மூலையில் ரம்பப் பல் மாதிரி வெளிச்சக் கோடு தெரிவதாகவும், அது பெரிதாகிக்கொண்டே வருவதாகவும் சிரித்தபடி சொன்னாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், மறுகண்ணை மூடிப் பார்த்தாள், போகவில்லை என்றாள். இருபது நிமிடம் கழித்துத் தலையின் இடது பக்கம் இடி இடிப்பதுபோல் வலி. வாந்தி எடுத்தாள். திரையை இழுத்து விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். கொழுந்தன் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட்டார். நான் அத்தனை பேருக்கும் தனியாகச் சமைத்தேன். தலைவலியில்கூடக் கொடுத்து வைத்தவள் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. எனக்குத் தலை வலித்தால் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பேன்.

அடுத்த விடுமுறையிலும் அப்படியே வந்தது. மேசையும் இல்லை, விளக்கும் இல்லை, ஆனாலும் அந்தக் கோடு வந்தது. அதை அருகிலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். கொழுந்தன் அவள் படுத்த பிறகுதான் வருவார்.

கிளினிக்கில் இருந்த நர்ஸ் அவசரப்படாதவர். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். எடை பார்த்தார். பிறகு அச்சடித்த ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். புகை பிடிப்பதுண்டா, ரத்தக்கொதிப்பு இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியிருக்கிறதா, மார்பில் கட்டி உண்டா, காசத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுக்கிறாளா. இந்த மாத்திரையைக் கோடிக்கணக்கானவர்கள் எடுக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் வராது, ஆனால் சிலருக்கு ஆகாது, அந்தச் சிலர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை கேள்வி, அதனால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்றார்.

"தலைவலி வருமா? வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம், கோடு ஏதாவது தெரியுமா?"

கழுகு சிரித்தாள். "எங்க டேபிள்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். எட்டு மணி நேரம் லைட்டைத்தானே பாக்குறோம். வேணும்னா எங்க அக்காவைக் கேளுங்க."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அது பொய்யில்லை.

"ஓய்வெடுத்தா போயிடுமா?"

"போயிடும்."

நர்ஸ் அந்தக் கேள்விக்கு நேரே 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். இவளுக்கு லீவு நாளிலும் தெரியும் என்ற ஐந்தாறு சொற்கள் என் நாக்கு நுனியில்தான் இருந்தன. அதில் ஆபத்து இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. நான் யோசித்தது வேறு. சொன்னால் நர்ஸ் மாத்திரை தராமல் போகலாம். தராவிட்டால் இவளுக்குப் பிள்ளை வரும். பிள்ளை வந்தால் பயிற்சிக்கு அனுப்ப மேசையில் மிஞ்சுவது நான். இவ்வளவும் ஒரே நொடியில் மனதில் ஓடியதும் எனக்கே என்மேல் கூச்சம் வந்துவிட்டது. பொறாமைக்காரி என்று பெயர் எடுக்கவேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று நல்லவளாக இருந்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

தினமும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும், ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடனே எடுக்கவேண்டும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, தலைவலி புதிதாகவோ அதிகமாகவோ வந்தாலோ நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் அதைப் பள்ளிப் பாடம் மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மாத்திரை அட்டை என் பொத்தான் டப்பாவில் இருந்தது. அவள் அலமாரியை மாமியார் துழாவுவார், என்னுடையதைத் தொடமாட்டார். சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து முகம் கழுவியதும், "அக்கா, என் சத்து மாத்திரை" என்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். என் கையால்தான் கொடுத்தேன்.

அச்சடித்த எதையும் படிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கில்லை. பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிப்பேன். ஆனால் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை மூன்று மாதம் தொடவில்லை. அது அவளுக்குக் கிடைத்த வாழ்க்கை, எனக்கு எதற்கு என்று ஒரு வீம்பு. மூன்றாம் மாதத்தில் தலைவலி வாரம் ஒருமுறை வரத் தொடங்கியது. ஒரு நாள் தாளைப் பிரித்தேன். எறும்பு எழுத்து. தலைவலிக்கு முன் கண்ணில் நெளிந்த வெளிச்சக் கோடுகள் தெரிபவர்கள் இந்த மாத்திரையை எடுக்கக்கூடாது, மூளையின் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு என்று இருந்தது. இரண்டு முறை படித்தேன். மடித்து வைத்துவிட்டு மறுநாள் வேலை விட்டு நடந்து வரும்போது சொன்னேன்.

"உன் தலைவலிக்கும் இந்த மாத்திரைக்கும் ஆகாதாம். நாளைக்கு நர்ஸைப் பாத்துட்டு வந்துடலாம்."

"யார் சொன்னா?"

"உள்ள இருக்கிற பேப்பர்ல போட்டிருக்கு."

"பேப்பர்ல என்னதான் போடல? வாந்தி வரும், தலை சுத்தும், மூட் கெடும்னு எல்லாந்தான் போட்டிருக்கும். மூட்டைக் கெடுக்க மாத்திரை எதுக்கு, நம்ம மாமியார் போதாதா?"

"விளையாடாத. உனக்கு லீவு நாள்லயும் கோடு தெரியுது."

அவள் நின்றுவிட்டாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு முன்னால், டியூப்கள் தொங்கும் இடத்தில் நின்றோம். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"அடுத்த மாசம் ட்ரெயினிங்குக்குப் பேர் கொடுக்கிறாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர். ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு அக்கா?"

அவளே என் கையைப் பிடித்து, "சும்மா சொன்னேன், வாங்க" என்று இழுத்தாள். சும்மா சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. கொழுந்தனிடம் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். கிளினிக் ஆலைக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம் தள்ளித்தான் இருந்தது, நான் மட்டும் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அந்தத் திருப்பம் வரும்போது எனக்குள் ஒரு விசாரணை நடக்கும். இது அவள் உயிர்மேல் உள்ள அக்கறையா, அந்த இருக்கைமேல் உள்ள ஆசையா? பிரித்துப் பார்க்க முயன்றேன். துணியில் முடிச்சு எது, தூசி எது என்று தொடாமலே சொல்லக்கூடிய எனக்கு என் மனதில் எது எது என்று தெரியவில்லை. தெரிந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இன்று யோசித்தால் சிரிப்பாக வருகிறது. இரண்டும் இருந்தால்தான் என்ன? உண்மையைச் சொல்ல மனம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

பதினாறு நாள். பதினாறு மாத்திரை.

பயிற்சிக்கு அவள் பெயர் வந்தது. அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு நான்தான் முதலில் கைகொடுத்தேன்.

அதற்கு நாலாம் நாள் காலை, வேலை தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். தற்செயலாக அவள் மேசையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த வெள்ளைத் துணியில் ஒரு பழுதும் இல்லாத இடத்தில் சிவப்பு அம்பு இருந்தது. அடுத்து இன்னொன்று. துணியின் வலது பாதியை அவள் பார்க்கவே இல்லை. அங்கே கையகல எண்ணெய்க்கறை ஒன்று அம்பு இல்லாமல் தாண்டிப் போனது.

கழுகு தப்பு செய்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை. சூப்பர்வைசர் இந்தப் பக்கம் வரமாட்டாரா, வந்து பார்க்கமாட்டாரா என்று வாசலைக்கூடப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இருக்கலாம், பூச்சிக்குக் கொடுக்கிற அந்த இரண்டு நிமிடம். பிறகு அவள் அடுத்த அம்பைத் தன் கையின் மேலேயே ஒட்டினாள். வலது கை மேசையிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. "அக்கா" என்று சொல்ல வாயெடுத்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள்.

இரண்டாம் நாள் ஒரு டாக்டர் எங்களை நடையில் நிறுத்தி, என்னென்ன மாத்திரை எடுத்தாள், கண்ணில் கோடு தெரியும் தலைவலி இருந்ததா என்று கேட்டார். நான் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். கொழுந்தன், "தலைவலி உண்டு சார். டேபிள்ல லைட்டைப் பாத்துப் பாத்து வர்றது" என்றார்.

"லீவு நாள்லயும் வரும்" என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கடுமையாக இல்லை. மாத்திரையால் மட்டும்தான் என்று தன்னால் சொல்ல முடியாது, இந்த வகைத் தலைவலிக்கே அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு, இரண்டும் சேரும்போது கூடும் என்று விளக்கினார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற கொடுத்திருப்பாங்கம்மா. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை இருக்கு. ஊசி, காப்பர் டி எல்லாம் இருக்கு. இவங்களுக்கு அதுல ஏதாவது ஒண்ணு ஒத்துப் போயிருக்கும்."

அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். சொன்னால் அவளிடமிருந்து எதையோ பறித்துவிடுவேன் என்றுதானே சொல்லாமல் இருந்தேன்? பறிக்க எதுவுமே இருக்கவில்லை. வேறொரு அட்டை வந்திருக்கும். பொத்தான் டப்பாவில் அதையும் வைத்திருப்பேன். அவள் பயிற்சிக்குப் போயிருப்பாள். நான் பொறாமைப்பட்டுக்கொண்டே இருந்திருப்பேன். எல்லாம் அப்படி அப்படியே நடந்திருக்கும், அவளும் இருந்திருப்பாள்.

கொழுந்தன் தரையைப் பார்த்தபடி கேட்டார். "லீவு நாள்ல வர்றது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

அவர் தலையாட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. இன்றுவரை என்னோடு பேசுவார், பிள்ளைகளுக்கு வேண்டியதைச் செய்வார். என்னிடம் எதையும் கேள்வியாக மட்டும் கேட்கமாட்டார்.

பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேறு ஆளில்லை. இப்போது நான்தான் சூப்பர்வைசர். இரண்டு நிமிடத்தை ஐந்தாக்கினேன். மேசை விளக்குகளுக்குமேல் மங்கல் கண்ணாடி போட வைத்தேன். ஆனால் கையைத் தூக்குகிறவளிடம் போய்க் குனிந்து ஒரு கேள்வி கேட்பேன். லீவு நாளிலும் பறக்கிறதா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். தேநீர் நேரத்துக்காரி மட்டும், "லீவு நாள்ல அதுக்கும் லீவு அக்கா" என்பாள்.

போன மாதம் பேக்கிங்கிலிருந்து மேசைக்கு மாறி வந்த ஒருத்தி ஆமாம் என்றாள். முப்பத்தெட்டு வயது. என்னைப் போலவே இரண்டு பிள்ளைகள், ஆனால் வாய் என்னைவிட இரண்டு மடங்கு. வீட்டிலும் வருமா, கோடு வளைந்திருக்குமா, எவ்வளவு நேரம் இருக்கும், ஏதாவது மாத்திரை எடுக்கிறாளா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு முகம் சிவந்தது.

"அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?"

எதற்கு என்று சொன்னேன். அவள் வரமாட்டேன் என்றாள். அரை நாள் அனுமதி எழுதிக் கையில் கொடுத்து, நானும் கூடவே கிளினிக்குக்குப் போனேன். அதே நர்ஸ். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. தலைவலிக் கேள்வி வந்ததும் அவளும் மற்றவர்களைப்போல், "எங்க டேபிள்ல எல்லாருக்கும்…" என்று தொடங்கினாள்.

"இவங்களுக்கு லீவு நாள்லயும் தெரியும்" என்றேன்.

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். புகை உண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பழைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க உள்ளே அனுப்பினார். வேறு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் முக்கால் மணி நேரம்.

மறுநாள் கை கழுவும் இடத்தில் குழாய்ச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது. தேநீர் நேரத்துக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புருஷன் சொல்றதைக் கேட்டுக் காலத்தை ஓட்டினவங்க. நாம நிம்மதியா இருந்தா அவங்களுக்குப் பொறுக்குமா? வயித்தெரிச்சல்."

நான் உள்ளே போனேன். பக்கத்துக் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

"புது மாத்திரையை நேத்து எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"இன்னைக்கும் ஏழு மணிக்கே போடுங்க. இது நேரம் தவறக்கூடாது."